உடையவரும் காத்தவரும்

சதுரங்கப் பலகை ஒன்றை வாங்கியவருக்கு அதைச் செய்து விற்ற தச்சரின் தயவு பின்னர்த் தேவைப்படுவதில்லை. தச்சர் கடையை மூடலாம்; ஊரைவிட்டே போகலாம். பலகையும் காய்களும் உள்ளவரை ஆட்டம் நடக்கும். பல்லாங்குழிக்கும் தாயத்துக்கும் உரிமையாளர் என்று ஒருவர் இருந்ததே இல்லை. விதி அறிந்த இருவர் எதிரெதிரே அமர்ந்தால் போதும். மனித இனத்தின் விளையாட்டுகள் நெடுங்காலமாக இவ்வாறே கைமாறி வந்துள்ளன.

இம்மரபை மாற்றியமைத்தது இணையவழிக் கணினி விளையாட்டு. ஆயிரக்கணக்கானோர் ஒரே வேளையில் கூடி ஆடும் இத்தகைய விளையாட்டுக்கு இரண்டு பகுதிகள் உண்டு. ஒன்று, ஆட்டக்காரரின் வீட்டுக் கணினியில் இயங்குவது; மற்றொன்று, அவர்கள் அனைவரையும் ஒன்றிணைக்கும் நடுக்கணினியில் இயங்குவது. இந்த நடுக்கணினியைச் 'சர்வர்' என்பர். தமிழில் வழங்கி எனலாம். ஆட்டக்காரர் சூடிய பெயர், ஈட்டிய பொருள், சேர்ந்த குழு ஆகிய யாவும் வழங்கியிலேயே பதிவாகியிருக்கும். வழங்கி நின்றுவிட்டால், காசு கொடுத்து வாங்கிய வட்டு வெறும் தட்டாகிவிடும்.

எனவே, வழங்கி யார் கையில் இருக்கிறது என்பதே இவ்விளையாட்டுகளின் வரலாற்றில் தலையாய வினாவாகும். வெளியிட்ட நிறுவனத்தின் கையிலா? விரும்பி ஆடுகின்ற ஆர்வலர்களின் கையிலா? ஏறத்தாழ அரை நூற்றாண்டாக இவ்விரு தரப்பினரும் சில வேளைகளில் கைகோத்தும், பல வேளைகளில் முரண்பட்டும் வந்துள்ளனர். அந்த வரலாறு விளையாட்டுப் பிள்ளைகளின் சச்சரவாக மட்டும் கருதத்தக்கதன்று. ஒரு படைப்பை உடையவர் ஒருவராகவும் அதைக் காப்பவர் வேறொருவராகவும் இருக்கும்போது என்ன நேர்கிறது என்பதை அது காட்டுகிறது.

பல்கலைக்கழகத்தில் பிறந்த உலகம்

இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் 1978ஆம் ஆண்டில் ராய் டிரப்ஷா என்னும் மாணவர் ஒரு நிரலை எழுதத் தொடங்கினார். 1980இல் அவருடைய நண்பர் ரிச்சர்ட் பார்ட்டில் அப்பணியை ஏற்று விரிவாக்கினார். 'மட்' என்று பெயர் பெற்ற அந்த விளையாட்டில் படங்கள் இல்லை, எழுத்துகளே இருந்தன. வடக்கே செல் என்று தட்டெழுதினால், வடக்கே உள்ள இடத்தின் வருணனை திரையில் தோன்றும். அவ்விடத்தில் வேறோர் ஆட்டக்காரர் இருந்தால் அவருடன் பேசலாம், போரிடலாம். பலர் ஒரே வேளையில் உலவும் கற்பனை உலகங்களுக்கு முன்னோடி இதுவே.

பல்கலைக்கழகக் கணினி ஓய்ந்திருக்கும் இரவு நேரத்தில் வெளியாரும் தொலைபேசித் தொடர்பின் வழி இவ்வுலகுக்குள் நுழைய இடமளிக்கப்பட்டது. அவர்களுள் சிலர் தாமே இவ்வாறான உலகங்களைப் படைக்க முற்பட்டனர். 1987இல் வேல்சு நாட்டின் அபரிஸ்ட்வித் நகரில் மாணவராக இருந்த ஆலன் காக்ஸ் 'அபர்மட்' என்பதை எழுதினார். 1989இல் அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ஆஸ்ப்னெஸ் 'டைனிமட்' என்பதை எழுதினார். இவற்றின் மூல நிரல்கள் கைக்குக் கை பரவின. 1990களின் தொடக்கத்தில் உலகின் பல பல்கலைக்கழகங்களில் மாணவர்கள் இத்தகைய உலகங்களை ஊதியம் ஏதுமின்றி நடத்தி வந்தனர்.

அதே காலத்தில் வணிகமும் இத்துறையில் கால் பதித்தது. அமெரிக்காவின் கம்பியூசர்வ் நிறுவனம் 1985 முதல் 'கெஸ்மாய் தீவு' என்னும் விளையாட்டை மணிக்கணக்கில் கட்டணம் பெற்று வழங்கியது. எசெக்ஸில் பிறந்த மட் விளையாட்டும் 1987இல் 'பிரிட்டிஷ் லெஜண்ட்ஸ்' என்னும் பெயரில் அந்நிறுவனத்தின் வழியே கட்டணத்துக்கு வந்தது. இவ்வாறு தொடக்கத்திலேயே இரு வழிகள் பிரிந்துவிட்டன. ஒன்று ஊர் கூடி இழுக்கும் தேர். மற்றொன்று நுழைவுச்சீட்டு வாங்கிக் காணும் காட்சி.

இவ்விரு வழிகளும் மீண்டும் சந்தித்த விதமே கருதத்தக்கது. 1999ஆம் ஆண்டின் இறுதியில், 2000ஆம் ஆண்டு மாற்றத்துக்காகத் தன் பழைய கணினிகளை ஒழுங்கு செய்தபோது கம்பியூசர்வ் நிறுவனம் 'பிரிட்டிஷ் லெஜண்ட்ஸ்' விளையாட்டை நிறுத்திவிட்டது. ஆர்வலர் ஒருவர் பார்ட்டிலின் இசைவோடு அந்நிரலைப் புதிய கணினிகளுக்கு ஏற்ப மாற்றியெழுதி, மறு ஆண்டே மீண்டும் இயக்கினார். நிறுவனம் கைவிட்டதை ஆர்வலர் கையேந்திக்கொண்டார். படைத்தவர் அதற்குத் தடை சொல்லவில்லை. பின்னர் நிகழ்ந்த பல மோதல்களுக்குத் தீர்வு இந்தச் சிறு நிகழ்ச்சியிலேயே அடங்கியிருந்தது. எனினும், அதைக் கண்டுகொள்ளப் பெருநிறுவனங்களுக்கு நீண்ட காலம் பிடித்தது.

திறந்து வைத்த கதவு

நிறுவனத்தார் அனைவரும் ஆர்வலர்களை அயலாராகக் கருதினர் என்று கொள்வது பிழையாகும். டெக்சஸ் மாநிலத்தின் இட் சாப்ட்வேர் என்னும் சிறு நிறுவனம் 1993 டிசம்பர் 10ஆம் நாள் 'டூம்' என்னும் விளையாட்டை வெளியிட்டது. விளையாட்டை இயக்கும் நிரலை ஒரு கோப்பிலும், அதன் கட்டடங்கள், உருவங்கள், ஒலிகள் ஆகியவற்றை வேறு கோப்பிலும் அந்நிறுவனம் பிரித்து வைத்தது. இதனால், மூலத்தைச் சிதைக்காமலேயே ஆட்டக்காரர்கள் தம் கற்பனைக்கேற்பப் புதிய களங்களைப் படைக்க முடிந்தது. அதன் தலைமை நிரலாளர் ஜான் கார்மாக் இதை வேண்டுமென்றே செய்தார். 1997 டிசம்பரில் 'டூம்' விளையாட்டின் மூல நிரலையே அந்நிறுவனம் பொதுவில் வைத்தது. முப்பது ஆண்டுகளுக்குப் பின்னரும் அவ்விளையாட்டுக்குப் புதிய களங்கள் படைக்கப்பட்டு வருகின்றன.

1996இல் வந்த 'குவேக்' ஒருபடி மேலே சென்றது. வழங்கியை இயக்கும் நிரலையும் அது ஆட்டக்காரர்களுக்கே அளித்தது. யார் வேண்டுமாயினும் ஒரு கணினியை வழங்கியாக்கி, நண்பர்களை அழைத்து ஆடலாம். எங்கெங்கே ஆட்டம் நடக்கிறது என்பதைக் கண்டறிவதற்கும் ஆர்வலர்களே ஒரு நிரலை எழுதினர். 'குவேக்ஸ்பை' எனப்பட்ட அதுவே பின்னர் 'கேம்ஸ்பை' என்னும் வணிக நிறுவனமாக வளர்ந்தது.

வால்வ் நிறுவனம் 1998இல் வெளியிட்ட 'ஹாஃப்-லைஃப்' விளையாட்டின் கதையும் இத்தகையதே. மின் லீ, ஜெஸ் கிளிஃப் என்னும் இரு மாணவர்கள் அதை அடித்தளமாகக் கொண்டு 1999இல் 'கவுண்டர்-ஸ்டிரைக்' என்னும் ஆட்டத்தை உருவாக்கி இலவசமாகப் பரப்பினர். வால்வ் நிறுவனம் அவர்கள்மேல் வழக்குத் தொடுக்கவில்லை. மாறாக, 2000ஆம் ஆண்டில் அவ்வாட்டத்தின் உரிமையைப் பெற்று அவர்களையும் தன்னோடு சேர்த்துக்கொண்டது. கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் அக்காலத்து இணைய மையங்களில் இளைஞர்கள் இரவெல்லாம் ஆடிய ஆட்டம் அதுவே. நிறுவனத்தின் திட்ட அறையில் அன்றி, ஆர்வலர்களின் கைவேலையாகப் பிறந்த ஒன்று உலகப் புகழ் பெற்றது. கதவைத் திறந்து வைத்தவர்கள் அதனால் நட்டமடையவில்லை என்பதற்கு இவை சான்று.

நீதிமன்றம் ஏறிய வழக்கு

ஆயினும், வேறொரு போக்கும் அந்நாளிலேயே வளர்ந்து வந்தது. கலிபோர்னியாவின் பிளிசார்ட் நிறுவனம் 1996ஆம் ஆண்டின் இறுதியில் 'டியாப்ளோ' என்னும் விளையாட்டோடு 'பேட்டில்.நெட்' என்னும் சேவையையும் தொடங்கியது. அந்நிறுவனத்தின் விளையாட்டுகளை வாங்கியோர் அதன் வழியே கட்டணமின்றி ஒருவரையொருவர் கண்டு ஆடலாம். நுழைவாரிடம் வட்டோடு வந்த எண் கேட்கப்படும். ஓர் எண்ணை இருவர் ஒரே வேளையில் பயன்படுத்த இயலாது. திருட்டுப் படிகளைத் தடுக்க இதுவே காவல். இச்சேவைக்கு ஏறத்தாழ 1 கோடியே 20 இலட்சம் பயனாளர்கள் இருந்தனர் என்று நீதிமன்ற ஆவணம் குறிக்கிறது.

கூட்டம் பெருகப் பெருகக் குறைகளும் பெருகின. சேவை அடிக்கடி தடைப்பட்டது. ஏமாற்றி ஆடுவோர் தொல்லையும் மிகுந்தது. இவற்றால் சலிப்புற்ற நிரலாளர் சிலர், பேட்டில்.நெட் எவ்வாறு பேசுகிறது என்பதை வெளியிலிருந்தே ஆய்ந்து, அதைப் போலவே இயங்கும் மாற்று வழங்கியை 1998 முதல் உருவாக்கினர். அதற்குப் 'பிநெட்டி' என்பது பெயர். அவர்கள் அதை விற்கவில்லை. மூல நிரலோடு இலவசமாகவே அளித்தனர்.

பிளிசார்ட் 2002 பிப்ரவரியில் எச்சரிக்கை விடுத்து, பின்னர் வழக்குத் தொடுத்தது. நிறுவனத்தின் வாதத்தில் வலு இல்லாமல் இல்லை. பிநெட்டி வழங்கி வட்டின் எண்ணைச் சரிபார்ப்பதில்லை. யார் கேட்டாலும் கதவைத் திறந்துவிடும். அந்நாளில் சோதனைக்காக மட்டும் விடப்பட்ட 'வார்கிராப்ட் 3' விளையாட்டின் திருட்டுப் படிகளும் இத்தகைய மாற்று வழங்கிகளின் துணையோடு ஆடப்பட்டன. ஆர்வலர் தரப்போ, சொந்தமாக வாங்கிய விளையாட்டை விரும்பிய இடத்தில் ஆட உரிமை வேண்டும் என்றும், இருவேறு நிரல்கள் ஒன்றோடொன்று இணைந்து இயங்குவதற்காக ஆய்வது சட்டம் ஏற்ற செயல் என்றும் வாதிட்டது.

அமெரிக்காவின் எட்டாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் 2005 செப்டம்பரில் நிறுவனத்துக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. விளையாட்டை நிறுவும்போது திரையில் தோன்றும் ஒப்பந்தத்துக்கு இசைந்தவர், அதன் உள்ளமைப்பை ஆயும் உரிமையைத் தாமே விட்டுக்கொடுத்தவர் ஆகிறார் என்பது தீர்ப்பின் சாரம். 1998ஆம் ஆண்டின் அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டமும் பூட்டை உடைப்பதைத் தடுத்தது. கடையில் வாங்கியது பொருளன்று, உரிமமே என்னும் கருத்து இவ்வழக்கால் வேரூன்றியது. அதன் விளைவு அப்போது எல்லார்க்கும் விளங்கிவிடவில்லை. பேட்டில்.நெட் நன்றாக இயங்கிக்கொண்டிருந்த காலம் அது. உடையவரே கதவை மூடும் நாள் வந்தால் என்ன செய்வது என்பதை அன்று சிலரே எண்ணினர்.

பழைய ஊரைத் தேடியவர்கள்

அதே பிளிசார்ட் நிறுவனம் 2004 நவம்பர் 23ஆம் நாள் 'வேர்ல்டு ஆஃப் வார்கிராப்ட்' என்னும் பெருவிளையாட்டைத் தொடங்கியது. திங்கள்தோறும் ஏறத்தாழ 15 அமெரிக்க வெள்ளி சந்தா. 2010ஆம் ஆண்டில் சந்தாதாரர் தொகை 1 கோடியே 20 இலட்சத்தை எட்டியது. பல நாட்டு மக்கள்தொகையைவிடப் பெரிய ஓர் ஊராக அது விளங்கியது.

ஊர் என்றால் மாற்றமும் உண்டு. 2010 டிசம்பரில் வெளிவந்த 'கேட்டகிளிசம்' என்னும் விரிவாக்கம் பழைய நிலப்பரப்புகளைப் பெரிதும் மாற்றியமைத்தது. பழக்கப்பட்ட பாதைகள் பிளந்தன. பல பணிகள் மறைந்தன. முன்பு அங்கே இளமையைக் கழித்தவர்கள் பழைய ஊருக்குத் திரும்ப வழியில்லை. புத்தகத்தின் புதிய பதிப்பு வந்தாலும் பழைய பதிப்பு அலமாரியில் இருக்கும். இங்கோ, புதிய பதிப்பு பழையதை அழித்துவிட்டே வந்தது. பழைய வடிவத்தை மீண்டும் தரக் கூடாதா என்று 2013ஆம் ஆண்டு நிறுவனத்தின் மாநாட்டில் ஒருவர் கேட்டார். அதை வேண்டுவதாக ஆட்டக்காரர்கள் எண்ணுகிறார்களே தவிர, உண்மையில் வேண்டமாட்டார்கள் என்ற பொருளில் நிறுவனத்தைச் சேர்ந்த ஜே. ஆலன் பிராக் விடையளித்தார்.

பிரான்சு நாட்டு ஆர்வலர் குழு ஒன்று அந்த விடையைப் பொய்யாக்கியது. 2006ஆம் ஆண்டு நிலவிய வடிவத்தை மீட்டு, 2015 பிப்ரவரியில் 'நோஸ்டால்ரியஸ்' என்னும் வழங்கியை அக்குழு திறந்தது. கட்டணம் இல்லை. ஓராண்டுக்குள் 8 இலட்சம் கணக்குகள் பதிவாயின. அவற்றுள் ஏறத்தாழ 1 இலட்சத்து 50 ஆயிரம் செயற்பாட்டில் இருந்தன என்று அக்குழு அறிவித்தது. வழங்கிக்கு இடமளித்த பிரெஞ்சு நிறுவனத்துக்குப் பிளிசார்ட் சட்ட அறிவிப்பு அனுப்பவே, 2016 ஏப்ரல் 10ஆம் நாள் நோஸ்டால்ரியஸ் மூடப்பட்டது.

வழக்கமாக இத்தகைய கதைகள் இங்கே முடிந்துவிடும். இம்முறை முடியவில்லை. இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் ஒரு விண்ணப்பத்தில் கையொப்பமிட்டனர். அவ்விளையாட்டை உருவாக்கிய குழுவில் முன்பு முதன்மைப் பொறுப்பு வகித்த மார்க் கெர்ன் அதை நிறுவனத் தலைவர் மைக் மொர்ஹைமிடம் நேரில் சேர்ப்பித்தார். 2016 ஜூனில் நோஸ்டால்ரியஸ் குழுவினரை நிறுவனம் தன் தலைமையகத்துக்கு அழைத்துப் பேசியது. 2017 நவம்பரில், முன்பு மறுத்துரைத்த அதே பிராக், பழைய வடிவம் மீண்டும் வரும் என்று மேடையில் அறிவித்தார். 2019 ஆகஸ்டில் 'கிளாசிக்' என்னும் பெயரில் அது திறக்கப்பட்டது. அக்காலாண்டில் சந்தாக்கள் இவ்விளையாட்டின் வரலாற்றிலேயே மிகுதியாக உயர்ந்ததாக நிறுவனம் தன் முதலீட்டாளர்களுக்குத் தெரிவித்தது.

இதை ஆர்வலர்களின் வெற்றி எனலாமா? ஓரளவுக்கு எனலாம். கேட்டது கிடைத்தது. ஆனால், காத்தவர்களுக்குக் காவல் உரிமை கிடைக்கவில்லை. சாவி முன்போலவே நிறுவனத்தின் கையில்தான் இருந்தது. 2025 ஆகஸ்டில் 'டர்ட்டில் வாவ்' என்னும் மற்றோர் ஆர்வலர் வழங்கியின்மேல் பிளிசார்ட் வழக்குத் தொடுத்தது இதைத் தெளிவாக்கியது.

நகரம் ஒன்று மீண்ட கதை

உடையவரே வேண்டாம் என்று கைவிட்ட விளையாட்டின் நிலை இன்னும் ஆழமான கேள்வியை எழுப்புகிறது. கிரிப்டிக் நிறுவனம் உருவாக்கி, தென்கொரியாவின் என்சிசாப்ட் 2004 ஏப்ரலில் வெளியிட்ட விளையாட்டு 'சிட்டி ஆஃப் ஹீரோஸ்'. ஆட்டக்காரர் ஒவ்வொருவரும் தமக்கென ஒரு வீர உருவைப் படைத்து 'பேரகன்' நகரைக் காக்க வேண்டும். உடையும் நிறமும் ஆற்றலும் அவரவர் விருப்பம். நண்பர் பலரை இணைத்த நகரமாக அது எட்டு ஆண்டுகள் நின்றது.

2012 ஆகஸ்டு 31ஆம் நாள் மூடுவிழா அறிவிக்கப்பட்டது. ஆட்டக்காரர்கள் தம் வீர உருவங்களோடு அந்நகரின் அட்லஸ் பூங்காவில், கைகளில் பந்தங்களை ஏந்தித் திரண்டு நின்றனர். விண்ணப்பங்கள் எழுதினர். பயன் விளையவில்லை. நவம்பர் 30ஆம் நாள் வழங்கிகள் நின்றன. கட்டிய சந்தாவும் படைத்த உருவமும் சேர்த்த நட்பும் ஒரே இரவில் முகவரி இழந்தன.

ஆனால், அந்நகரம் உண்மையில் அழிந்துவிடவில்லை. அதன் வழங்கி நிரல் ஒரு சிறு குழுவின் கையை அடைந்திருந்தது. அவர்கள் பல ஆண்டுகள் மறைவாக அதை இயக்கி, நம்பிக்கைக்குரியோரை மட்டும் அனுமதித்து வந்தனர். 2019 ஏப்ரலில் இச்செய்தி வெளிப்பட்டபோது மகிழ்ச்சியைவிடச் சினமே முதலில் எழுந்தது. ஊரை இழந்து வருந்தியவர்கள் இத்தனை ஆண்டு வெளியில் நிற்க, சிலர் மட்டும் உள்ளே உலவினார்களே என்பது பலரின் மனக்குறை. நிறுவனம் கதவை மூடியது ஒரு குற்றமாயின், ஆர்வலர் சிலர் அதே கதவை உள்ளிருந்து தாழிட்டதும் குற்றமே அன்றோ? ஆர்வலர் என்பதாலேயே ஒருவர் பொதுநலம் பேணுபவர் ஆகிவிடுவதில்லை.

அழுத்தம் பெருகவே நிரல் பொதுவில் விடப்பட்டது. பல குழுக்கள் தனித்தனி வழங்கிகளைத் திறந்தன. அவற்றுள் 'ஹோம்கமிங்' என்பது பெரியது. அக்குழு நன்கொடையால் இயங்கியது. திங்கள்தோறும் ஆகும் செலவைக் கணக்கிட்டு வெளியிட்டது. தேவையான தொகை சேர்ந்ததும் நன்கொடை பெறுவதை நிறுத்தியது. ஆட்டக்காரரிடம் கட்டணம் கேட்கவில்லை. மறுபுறம், உரிமையுடைய நிறுவனத்தோடு பேச்சு நடத்துவதையும் அது கைவிடவில்லை.

2024 ஜனவரியில் என்சிசாப்ட் நிறுவனம் ஹோம்கமிங் குழுவுக்கு முறையான உரிமம் வழங்கியது. நகரின் உடைமை நிறுவனத்திடமே இருந்தது. அதை நடத்தும் பொறுப்பு ஆர்வலர்களுக்கு வந்தது. மூடப்பட்டுப் பன்னிரண்டாம் ஆண்டு நடக்கையில் பேரகன் நகரம் சட்டத்தின் வெளிச்சத்துக்கு வந்தது. நிறுவனத்துக்கு இதனால் இழப்பு ஏதுமில்லை. தான் பயன்படுத்தாத ஒன்றையே அது பகிர்ந்தது. காத்தவர்கள் மறைந்து வாழும் நிலை நீங்கியது.

சட்டமும் அதன் எல்லையும்

எல்லா விளையாட்டுகளுக்கும் இத்தகைய பேறு வாய்ப்பதில்லை. 2014 மே 31ஆம் நாள் கேம்ஸ்பை சேவை நிறுத்தப்பட்டபோது, அதை நம்பியிருந்த பற்பல விளையாட்டுகளின் இணையவழி ஆட்டம் ஒருங்கே அறுந்தது. ஆர்வலர்களின் சிறு நிரலாகப் பிறந்து, நிறுவனமாகி, பின்னர்க் கைமாறி, இறுதியில் மூடப்பட்ட வரலாறு அது. 2005இல் வெளிவந்த 'பேட்டில்ஃபீல்டு 2' விளையாட்டை 'ரிவைவ்' என்னும் குழு மீண்டும் இயக்கியது. ஆனால், விளையாட்டின் படிகளையே அக்குழு அனுமதியின்றி வழங்கியதைச் சுட்டி, எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனம் 2017 அக்டோபரில் அதை நிறுத்தச் செய்தது.

சட்டத்தின் இறுக்கம் சிறிது தளர்ந்ததும் உண்டு. அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகத்தின் பரிந்துரைப்படி 2015இல் ஒரு விலக்கு அளிக்கப்பட்டது. சரிபார்க்கும் வழங்கியை நிறுவனம் நிறுத்திவிட்டால், விளையாட்டை வாங்கியவர் தம் கணினியில் தனியே ஆடுவதற்காகப் பூட்டைத் திறக்கலாம். 2018இல் நூலகங்களுக்கும் அருங்காட்சியகங்களுக்கும் இவ்விலக்கு மேலும் விரிந்தது. முறையாகக் கைவரப்பெற்ற வழங்கி நிரலைக் கொண்டு இணைய விளையாட்டுகளை அவை மீட்டுப் பாதுகாக்கலாம். ஆயினும், அவற்றைத் தம் கட்டடத்துக்குள்ளேயே வைத்திருக்க வேண்டும். பலர் பல ஊர்களிலிருந்து கூடுவதே உயிராக உள்ள ஒன்றை நான்கு சுவர்களுக்குள் அடைப்பது, பறவையைக் கூண்டில் வைத்துப் பறத்தலைப் பாதுகாப்பது போன்றதே.

இழப்பின் அளவும் சிறிதன்று. 2010ஆம் ஆண்டுக்கு முன் அமெரிக்காவில் வெளியான கணினி, ஒளிப்பட விளையாட்டுகளுள் 87 விழுக்காடு சந்தையில் கிடைப்பதில்லை என்று விளையாட்டு வரலாற்று அறக்கட்டளையின் 2023ஆம் ஆண்டு ஆய்வு காட்டியது.

மக்கள் இதைப் பொதுவினாவாக எழுப்பிய ஆண்டு 2024. பிரான்சின் யூபிசாப்ட் நிறுவனம் 2014இல் வெளியிட்ட 'தி குரூ' என்னும் கார்ப் பந்தய விளையாட்டின் வழங்கிகளை 2024 மார்ச்சு 31ஆம் நாள் நிறுத்தியது. தனியே ஆட விரும்பியவரும் அதன்பின் ஆட முடியவில்லை. விளையாட்டு முழுவதும் வழங்கியையே சார்ந்திருந்தது. இதைத் தொடர்ந்து, விளையாட்டுகளைக் கொல்லாதீர் என்னும் முழக்கத்தோடு ராஸ் ஸ்காட் என்பவர் ஓர் இயக்கத்தைத் தொடங்கினார். வழங்கியை என்றென்றும் நடத்துமாறு அவ்வியக்கம் கேட்கவில்லை. விடைபெறும் நிறுவனம், வாங்கியோர் தொடர்ந்து ஆடத்தக்க நிலையில் விளையாட்டை விட்டுச் செல்ல வேண்டும் என்பதே அதன் வேண்டுகோள். ஐரோப்பிய ஒன்றியத்தில் அதற்கு ஆதரவான கையொப்பங்கள் 2025 ஜூலையில் 10 இலட்சத்தைக் கடந்தன.

கலிபோர்னியா மாநிலம் 2025 ஜனவரி முதல் நடப்புக்கு வந்த சட்டத்தின் வழி, விற்கப்படுவது உடைமையன்று, உரிமமே என்பதை வாங்குவோருக்கு வெளிப்படையாகத் தெரிவிக்க வேண்டும் என்று விதித்தது. இஃது உண்மையைச் சொல்லச் செய்ததே அன்றி, நிலைமையை மாற்றவில்லை.

நிறுவனங்களின் மறுமொழியையும் புறக்கணித்தல் ஆகாது. தனியார் வழங்கிகளில் ஆட்டக்காரரின் தகவல்களுக்குப் பாதுகாப்பு இராது. தீய உள்ளடக்கத்தைக் களைய ஆள் இராது. நேரும் கேட்டுக்கு உரிமையாளர் பொறுப்பேற்க நேரிடலாம் என்று ஐரோப்பிய விளையாட்டு வெளியீட்டாளர் அமைப்பு வாதிட்டது. பிறரிடம் உரிமம் பெற்ற பாடல்களும் கார்ப் பெயர்களும் கலந்த விளையாட்டை, காலக்கெடு முடிந்த பின் பொதுவில் விடுவது எளிதன்று என்பதும் உண்மையே. ஆயினும், இவை எவ்வாறு விடுவது என்பதற்கான தடைகளே. விடவே கூடாது என்பதற்கான காரணங்கள் ஆகமாட்டா.

வரலாறு கூறும் தீர்வு

இந்நீண்ட வரலாற்றில் இரு தரப்புக்கும் தனித்தனி ஆற்றல் இருப்பது தெளிவு. புதிய உலகைப் படைக்கப் பெரும்பொருளும் நூற்றுக்கணக்கான தொழில் வல்லாரும் வேண்டும். அவற்றை நிறுவனமே திரட்ட இயலும். படைத்தவற்றை வருவாய் வற்றிய பின்னும் பேண அன்பும் பொறுமையும் வேண்டும். அவை ஆர்வலரிடமே மிகுந்துள்ளன. நிறுவனத்தின் கணக்கேட்டில் ஒரு விளையாட்டு செலவினமாக மாறும் நாளில், ஆர்வலரின் நெஞ்சில் அது நினைவாக மாறுகிறது. அந்நாளில் பொறுப்பு கைமாறுவதே இயல்பு. சட்டம் அதற்கு வழி வைக்காதபோது, அன்பு கள்ளத்தனமாக நடமாட வேண்டியதாகிறது. காப்பவர் திருடர் என்னும் பெயரைச் சுமக்கிறார்.

அந்நிலை தவிர்க்க முடியாதது அன்று. படைத்தவரின் இசைவோடு 'மட்' மீண்டது. உரிமையாளரே மூல நிரலை அளித்ததால் 'டூம்' வாழ்கிறது. உரிமம் கொடுத்ததால் பேரகன் நகரம் வெளிச்சம் கண்டது. இம்மூன்றிலும் உடையவர் தம் உடைமையை இழக்கவில்லை. காத்தவர் தம் காவலுக்குக் கூலியும் கேட்கவில்லை. ஒருவர் இசைவு தந்தார், மற்றவர் பொறுப்பேற்றார்.

மூடுவதற்கு முன் வழங்கி நிரலை விட்டுச் செல்லுதல், விட இயலாவிடில் தகுதியுள்ள குழுவுக்கு உரிமம் அளித்தல், அதுவும் இயலாவிடில் நூலகத்திடம் ஒப்படைத்தல் ஆகிய மூன்றனுள் ஒன்றைக் கடமையாக்குவது அரசுகளுக்கு அரிய செயலன்று. ஆர்வலர் குழுக்களும் கணக்கைத் திறந்து காட்டுதல், கதவைச் சிலருக்கு மட்டும் திறவாதிருத்தல், பிறர் உழைப்பை விற்றுப் பொருளீட்டாதிருத்தல் ஆகிய நெறிகளைத் தமக்குத் தாமே விதித்துக்கொள்ள வேண்டும். இவ்விரண்டும் கூடினால், தச்சர் கடையை மூடிய பின்னும் சதுரங்கம் தொடர்வது போல, இணையவழி விளையாட்டுகளும் தம்மை வெளியிட்டவரின் காலத்தைக் கடந்து வாழும்.